2.31 கிராம் ஈயத்திடம் கேட்க வேண்டியவை

மகள், உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தவறு இருந்தால் திருத்துங்கள்.

கந்தப்பளைப் பக்கம் உங்கள் தாய்மாமன் கோவாவும் லீக்ஸும் போடுகிறார். காட்டுப்பன்றிக்காக அனுமதிப்பத்திரத்துடன் ஒரு போரா 12 துப்பாக்கி வைத்திருந்தார். ஓர் இரவு, பாத்தியின் ஓரத்தில் பக்கத்துக் காணிக்காரர் இடது தொடையில் சூடு பட்டு, இரத்தம் போய் இறந்து கிடந்தார். பொலிஸார் மாமாவின் துப்பாக்கியையும் வீட்டில் இருந்த நான்கு எஸ்.ஜி. தோட்டாக்களையும் (எஸ்.ஜி. என்ற பெரிய அளவு ஈய உருண்டைகள், அதாவது சன்னங்கள், அடைத்தவை) எடுத்துச் சென்றார்கள். மாமா இப்போது விளக்கமறியலில் இருக்கிறார். சட்ட வைத்திய அதிகாரி உடலிலிருந்து நான்கு ஈயத் துண்டுகளை எடுத்தார். மூன்று உருண்டையானவை, அவற்றின் நிறை 1.79, 1.84, 1.87 கிராம். நான்காவது நசுங்கிய துண்டு, 2.31 கிராம். இவை போரா 12 துப்பாக்கியால் சுடப்படக்கூடியவை என்று பகுப்பாய்வு அறிக்கை சொல்கிறது. நசுங்கியது தேய்ந்துபோன எஸ்.ஜி. சன்னம், ஆகவே மாமாவின் தோட்டாதான் என்பது பொலிஸாரின் வாதம். எஸ்.ஜி. சன்னம் மூன்றரைக் கிராம் இருக்க வேண்டும், இது அதில்லை, வழக்கு முடிந்தது என்பது உங்கள் உறவினர் ஒருவரின் வாதம். யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள்.

இரண்டு வாதமும் நிற்காது. 2.31 என்ற எண்ணைத் தனியாக வைத்துக்கொண்டு உங்கள் மாமாவைக் குற்றவாளியாக்கவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது. ஆனால் யாரும் கண்டுகொள்ளாமல் விட்ட மற்ற மூன்று எண்களும் உங்களுக்கு மிகவும் பெறுமதியானவை. மலையக நீதிமன்றங்களில் முப்பது வருடம் குற்ற வழக்குகளில் ஆஜராகியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். உங்கள் வழக்கின் சட்டத்தரணி நான் அல்ல. இதை அவரிடம் காட்டுங்கள், தீர்மானம் அவருடையது.

அடிப்படை விதி ஒன்றுதான். சுடப்பட்ட ஈயம் தேயும், எலும்பில் பட்டுச் சிதறும், போகிற வழியில் துணுக்குகளை விட்டுச் செல்லும். சுடப்பட்ட பிறகு அதன் கனம் கூடுவதில்லை. ஆகவே உடலில் கிடைத்த துண்டின் நிறையிலிருந்து, அது புறப்படும்போது குறைந்தது எவ்வளவு கனம் இருந்தது என்பதை மட்டுமே அறியலாம். அந்த நிறையைவிட இலேசாகத் தொடங்கிய எதையும் துணிந்து விலக்கலாம். அதைவிடக் கனமாகத் தொடங்கியவை எல்லாம் சாத்தியங்களாகவே நிற்கும். நிறைக்கு விலக்கும் ஆற்றல் அதிகம், அடையாளம் காட்டும் ஆற்றல் மிகக் குறைவு. பொலிஸாரும் உங்கள் உறவினரும் அதை அடையாளம் காட்டவே பயன்படுத்தப் பார்க்கிறார்கள்.

எண்களை எடுத்துப் பாருங்கள். நம் ஊரில் வழங்கும் பழைய ஆங்கிலேய அளவு முறையில் எஸ்.ஜி. சன்னம் ஓர் அவுன்சுக்கு எட்டு. அவுன்ஸ் 28.35 கிராம் என்பதால் ஒன்று சுமார் 3.54 கிராம் வரும். அதைவிடச் சிறிய எஸ்.எஸ்.ஜி. சன்னம் அவுன்சுக்குப் பதினைந்து; ஒன்று சுமார் 1.89 கிராம். 0.22 அங்குல ரைபிளின் வழக்கமான ரவை 40 கிரேன், அதாவது 2.59 கிராம். இப்போது 2.31 கிராம் துண்டை இவற்றுக்குப் பக்கத்தில் வையுங்கள். அது முழுமையான ஒற்றை எஸ்.எஸ்.ஜி. சன்னமாக இருந்திருக்க முடியாது, ஏனென்றால் அதைவிடக் கனமாக இருக்கிறது. எஸ்.ஜி.யாக இருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருக்கலாம். 0.22 ரவையாக இருந்து பத்தில் ஒரு பங்கு இழந்திருக்கலாம். நிறை எதற்குக் கிட்ட இருக்கிறதோ அதுதான் என்று முடிவுகட்டினால், இந்தத் துண்டு 0.22 ரைபிளுக்கே போய்ச் சேரும். அந்த முடிவை யாராவது ஏற்பார்களா? உங்கள் உறவினர் நம்பியிருக்கும் தர்க்கமும் அதே தர்க்கம்தான்.

நிறையில் கிட்ட இருப்பது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இந்த நாட்டில் எல்லோருக்கும் பெயர் தெரிந்த ஆயுதத்தையே எடுத்துக்கொள்ளலாம். ரி-56 ரைபிளின் ரவை சுமார் 123 கிரேன். 9 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கிக்கு வரும் ரவைகளில் ஒரு வகை 124 கிரேன். தராசில் வைத்தால் இரண்டும் ஏறக்குறைய எட்டுக் கிராம். ஒன்றின் விட்டம் 7.9 மில்லிமீற்றர் அளவு, நீண்டு கூரானது. மற்றது 9 மில்லிமீற்றர், குட்டையானது. விட்டமும் வடிவமும் உறையும் தெரியாமல் நிறையை மட்டும் பேசுகிற அறிக்கையில் பாதிச் செய்திதான் இருக்கிறது.

அலகைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கிராம் 15.43 கிரேன். துப்பாக்கித் துறையில் கிரேன் கணக்கே பழக்கம், ஆய்வுகூடத் தராசு காட்டுவது கிராம். எனது ஆரம்ப கால வழக்கொன்றில், குற்றஞ்சாட்டப்பட்டவருக்குக் கொடுக்கப்பட்ட தமிழ்ப் பிரதியில் கிரேன் எல்லாம் கிராம் என்று தட்டச்சாகி இருந்தது. 40 கிராம் ஈயம் என்றால் போரா 12 குழலை நிறைக்கும் முழு ஈயக் குண்டைவிடவும் கனம். ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ அதுவே அந்தக் குழலின் விட்டம். பன்னிரண்டு என்ற பெயரே அப்படி வந்தது. ஓர் உருண்டை 37.8 கிராம், குழல் 18.5 மில்லிமீற்றர். விசாரணைக்கு முதல் நாள் இரவு மூலப் பிரதியோடு ஒப்பிட்டதால்தான் அந்தப் பிழை எங்கள் கண்ணில் பட்டது. உங்கள் கையில் இருப்பது மொழிபெயர்ப்பு என்றால் மூலத்தை எடுத்து எண்ணுக்கு எண் சரிபாருங்கள்.

தராசைப் பற்றித் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. என் அம்மா கொழுந்து பறித்தவர். மடுவத்தில் நிறுக்கும்போது சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்து எழுதுவார்கள். தராசு முள் காட்டியது ஒன்று, செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவேட்டில், ஏறியது வேறொன்று. ஈயத்துக்கும் இதே கேள்வி உண்டு. உடலிலிருந்து எடுத்த துண்டில் காய்ந்த இரத்தம், எலும்புப் பொடி, துணி நூல் ஒட்டியிருக்கும். நிறுத்தது கழுவுவதற்கு முன்னா, பின்னா? இரண்டு தடவையும் நிறுத்தார்களா? 2.31 கழுவாத நிறை என்றால், எஸ்.எஸ்.ஜி.யாக இருக்க முடியாது என்று நான் மேலே சொன்னதே ஆட்டம் காணும். கனம் கூடாது என்ற விதி ஈயத்துக்குத்தான், அதில் ஒட்டியதற்கு அல்ல. தராசு எப்போது சரிபார்க்கப்பட்டது, எத்தனை தசமதானம் காட்டும் என்பதையும் கேட்கலாம். வைத்தியசாலையில் முத்திரை வைத்த உறையிலும் ஆய்வுகூடத்தில் திறந்த உறையிலும் துண்டுகளின் எண்ணிக்கையும் வடிவமும் ஒன்றுதானா என்பது இவை எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி.

உங்கள் வழக்கில் நிறைக்கு ஏன் இவ்வளவு பாரம் ஏறியது என்பதையும் சொல்ல வேண்டும். ரைபிளிலும் பிஸ்டலிலும் குழலின் உட்பக்கம் சுருள் வரிகள் வெட்டப்பட்டிருக்கும். அவை ரவையின் மேல் பதியும். அந்தத் தடங்களை ஒப்பு நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்க்கும் நிபுணருக்கு நிறை ஒரு துணைச் செய்தி மட்டுமே. போரா 12 குழல் உள்ளே வழுவழுப்பானது. அதிலிருந்து வெளியேறும் சன்னத்தில் இன்ன துப்பாக்கி என்று காட்டும் தடம் எதுவும் இருக்காது. துப்பாக்கியோடு ஒப்பிடக்கூடியது வெற்றுத் தோட்டாக் கோது. அதன் பின்புறத்தில் அடி ஊசியின் குழி பதிந்திருக்கும். நீங்கள் எழுதியதில் இடத்தில் கோது எடுத்ததாக ஒரு வரியும் இல்லை. சன்னங்களுக்குப் பின்னால் வைக்கும் அடைப்பானைப் பற்றியும் இல்லை. தொழிற்சாலைத் தோட்டாவின் அடைப்பான் பிளாஸ்டிக்கோ நார் அட்டையோ, கிடைத்தால் அதன் விட்டமே குழலின் அளவைச் சொல்லிவிடும். இவை இல்லாத வெற்றிடத்தை நிரப்ப நிறையைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். போரா 12 துப்பாக்கியால் சுடப்படக்கூடியவை என்ற வாசகத்தையும் நிதானமாக வாசியுங்கள். 18.5 மில்லிமீற்றர் குழலுக்குள் போகக்கூடிய எதையும் அந்தத் துப்பாக்கியால் சுடலாம். அந்த வாசகம் பொய் இல்லை; ஆனால் இந்தச் சன்னங்கள் அந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தன என்று அது எங்கும் சொல்லவில்லை.

இனி அந்த மூன்று உருண்டைகள். 1.79, 1.84, 1.87. மூன்றும் சிதையாதவை, ஒன்றுக்கொன்று 0.08 கிராமுக்குள் நிற்கின்றன, மூன்றும் எஸ்.எஸ்.ஜி.யின் 1.89-க்குச் சற்றுக் கீழே. இங்கே மட்டும் நிறை அடையாளத்துக்கு அருகே வருகிறது, ஏனென்றால் அது தனியாக வரவில்லை. உருண்டை வடிவம் கூடவே வருகிறது. 3.54 கிராம் எஸ்.ஜி. சன்னங்கள் மூன்று, தலா பாதியை இழந்து, மூன்றும் ஒரே நிறைக்கு வந்து, அதன் பிறகும் உருண்டையாகவே இருந்தன என்று எந்த நிபுணரும் சாட்சிக் கூண்டில் நின்று சொல்ல மாட்டார். விட்டத்தையும் அளக்கச் சொல்லுங்கள். எஸ்.ஜி. சுமார் 8.4 மில்லிமீற்றர், எஸ்.எஸ்.ஜி. சுமார் 6.8. கருவி வைத்து அளக்க ஒரு நிமிடம் போதும்.

அப்படியானால் வீட்டில் எடுத்த நான்கு எஸ்.ஜி. தோட்டாக்களும் உடலில் இருந்த மூன்று சன்னங்களும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. இது வழக்குத் தொடுநரின் முக்கியமான ஒரு கண்ணியை அறுக்கிறது. அதற்கு மேல் இதை இழுக்காதீர்கள். மாமாவிடம் வேறொரு எஸ்.எஸ்.ஜி. தோட்டா இருந்து அன்றிரவு தீர்ந்திருக்கலாம் என்று அவர்கள் சொல்வார்கள், சொல்ல உரிமையும் உண்டு. தோட்டாவின் மேல் அச்சிட்டிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றா என்பதும் பார்க்க வேண்டியது. கைப்பற்றிய தோட்டாக்களில் ஒன்றையாவது திறந்து, அதன் சன்னங்கள் எல்லாவற்றையும் தனித்தனியே நிறுத்தார்களா? ஒன்றேகால் அவுன்சுக்குச் சற்றுக் குறைவாக ஈயம் அடைத்த வழக்கமான எஸ்.ஜி. தோட்டாவில் ஒன்பது சன்னம் இருக்கும். ஒன்பது நிறைகளும் அறிக்கையில் இருந்திருக்க வேண்டும். அவை இல்லாமல் இது எஸ்.ஜி. அல்ல என்று நீங்களும் சொல்ல முடியாது, எஸ்.ஜி.தான் என்று அவர்களும் சொல்ல முடியாது. 3.54 என்பது புத்தகக் கணக்கு. வழக்குக்குத் தேவை அந்தப் பெட்டியிலிருந்த சன்னத்தின் நிறை.

இதே சிக்கல் உலகம் முழுவதும் பார்த்த ஒரு வழக்கிலும் உண்டு. 1963 நவம்பர் 22 அன்று டலஸ் நகரில் ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டபோது, வைத்தியசாலைத் தூக்குப் படுக்கை ஒன்றில் கிட்டத்தட்ட முழுதான ரவை ஒன்று கிடைத்தது. நிறை 158.6 கிரேன். எஃப்.பி.ஐ. நிபுணர் அதே தயாரிப்பில் சுடப்படாத மூன்று ரவைகளை நிறுத்தார்: 160.85, 161.1, 161.5. கிடைத்த ரவை இழந்தது 2.25 கிரேனா, 2.9 கிரேனா? அது சுடப்படும் முன் யாரும் அதை நிறுக்கவில்லை, அதனால் உறுதியான விடை கிடையாது. ஆனாலும் அந்த ரவை, அதே காரில் இருந்து காயமடைந்த ஆளுநர் கொனலியின் உடலில் விட்டுச் சென்றதாகச் சொல்லப்பட்ட துணுக்குகள் இந்த இழப்புக்குள் அடங்குமா என்று அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சண்டை பிடிக்கிறார்கள். தர்க்கம் என்னவோ சரியானது: இழந்த ஈயம் எங்கேயாவது இருக்க வேண்டும். அதை உங்கள் வழக்குக்குக் கடைசியில் கொண்டுவருகிறேன்.

இடையில் யாராவது, ஈயத்தின் கலவையைச் சோதித்து மாமாவின் தோட்டாக்களோடு ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும் என்று உங்களுக்கு யோசனை சொல்லலாம். வேறு சன்னம் என்று விலக்க அது உதவக்கூடும். பொருந்தினால் அதற்கு மதிப்பு இல்லை. எஃப்.பி.ஐ. 1960-களிலிருந்து செய்துவந்த அந்தச் சோதனையை அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிப் பேரவை 2004-இல் ஆராய்ந்தது. ஒரே உருக்கில் வரும் ஈயத்திலிருந்து 40 கிரேன் ரவைகள் 12,000 முதல் 3.5 கோடி வரை ஆகலாம் என்று அது கணக்கிட்டது. 2005-இல் எஃப்.பி.ஐ. அந்தச் சோதனையையே கைவிட்டது. அதை நம்பித் தண்டிக்கப்பட்டவர்களை நினைக்கும்போது இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

நசுங்கிய துண்டுக்குத் திரும்புவோம். தொழிற்சாலைத் தோட்டா ஒன்றில் ஒரே அளவுச் சன்னங்கள்தான் அடைக்கப்படும். ஒரே காயத்தில் 1.8 கிராம் உருண்டைகள் மூன்றும் 2.31 கிராமுக்குக் குறையாமல் தொடங்கிய ஒன்றும் எப்படி வந்தன? இரண்டு எஸ்.எஸ்.ஜி. சன்னங்கள் குழலுக்குள் அழுந்தி ஒட்டி, பிறகு ஒரு பகுதியை இழந்திருக்கலாம். அப்படியென்றால் நுணுக்குக்காட்டியில் பொருத்துக் கோடு தெரியும். அல்லது இது தொழிற்சாலைத் தோட்டாவே இல்லை. கையில் கிடைத்த ஈயத்தையும் சன்னத்தையும் கலந்து, வெடிமருந்து போட்டு, தும்பால் அடைத்த நாட்டுத் துவக்காக இருக்கலாம். நசுங்கியது ஈயம்தானா என்பதைக்கூட நிறையால் அறியலாம்: காற்றில் ஒருமுறையும் நீரில் மூழ்கவைத்து ஒருமுறையும் நிறுத்தால் அடர்த்தி வந்துவிடும். ஈயம் கன சென்ரிமீற்றருக்கு 11.34 கிராம், உருக்கு 7.85 அளவு.

நாட்டுத் துவக்கு என்றதும், காயம் தொடையில் என்று நீங்கள் எழுதியது எனக்கு உறைத்தது. காட்டுப்பன்றி வரும் தடத்தில் கம்பியை இழுத்துக் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கு வெடித்தால் மனிதனுக்குப் பெரும்பாலும் காலில்தான் படும். சூடு பாய்ந்த திசை கீழிருந்து மேலா, கிடையாகவா, நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பது சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையில் இருக்க வேண்டும். அவ்விடத்தில் கம்பி, முளை, மரத்தில் கட்டிய தடம் எதையும் பொலிஸார் தேடினார்களா என்று குறிப்பில் பாருங்கள். ஆனால் இதைக் கேட்டு மகிழ்ந்துவிடாதீர்கள். கட்டுத்துவக்கு என்றால் கட்டியது யார் என்ற கேள்வி வரும், அந்த விரல் மீண்டும் மாமாவை நோக்கி நீளலாம். குறிபார்த்துச் சுட்ட கொலையும் பன்றிக்கு வைத்ததில் மனிதன் மாட்டிய மரணமும் சட்டத்தில் ஒன்றல்ல. தண்டனைச் சட்டக்கோவையின் 296 ஆம் பிரிவுக்கும் (கொலை) 298 ஆம் பிரிவுக்கும் (கவனயீனத்தால் மரணம் விளைவித்தல்) இடையே ஒரு மனிதனின் மிச்ச வாழ்நாள் கிடக்கிறது. மாமாவுக்கு உண்மையில் என்ன தெரியும் என்பதை அவர் தன் சட்டத்தரணியிடம் மட்டும், முழுதாகச் சொல்ல வேண்டும்.

நீதிமன்ற வழியில், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 414 ஆம் பிரிவின்படி அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை, அவர் சாட்சிக்கு வராமலேயே சான்றாக ஏற்கப்படலாம். பல வழக்குகளில் எதிர்த்தரப்பு அதை அப்படியே விட்டுவிடுகிறது. நீங்கள் விடாதீர்கள், அவரை அழைக்கும்படி உங்கள் சட்டத்தரணி கேட்க வேண்டும். ஓர் அபிப்பிராயம் சான்றாக வரும்போது அதன் அடிப்படைகளும் சான்றுக்கு உரியவை என்கிறது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 51 ஆம் பிரிவு. தராசுக் குறிப்புகளையும் மேசைக் குறிப்பேட்டையும் கேட்பதற்கு அதுவே வழி. பகுப்பாய்வாளரை எதிரியாக நினைக்க வேண்டாம். பத்தரமுல்லையிலுள்ள பகுப்பாய்வாளர் திணைக்களத்திலிருந்து வந்து, கேட்ட கேள்விக்கு நேர்மையாக, இதை நிறையால் சொல்ல முடியாது என்று ஒரே வரியில் சொல்லிச் சென்ற அதிகாரிகளைக் கண்டிருக்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இருக்க வேண்டும். மாமாவுக்குச் சிங்களம் சரளமில்லை என்றால், அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை அவருக்கு மொழிபெயர்ப்பைப் பெறும் உரிமையைத் தருகிறது. தலையாட்டிக்கொண்டு நிற்க வேண்டாம் என்று அவருக்குச் சொல்லுங்கள்.

இப்போது இழந்த ஈயத்துக்கு வருகிறேன். பொலிஸார் சொல்வதுபோல் 2.31 கிராம் துண்டு 3.54 கிராம் எஸ்.ஜி.யாகப் புறப்பட்டிருந்தால், 1.23 கிராம் ஈயம் காணாமல் போயிருக்கிறது. துணியும் தசையும் அவ்வளவை உரித்தெடுப்பதில்லை. அது எலும்பிலோ, உடலில் படுமுன் வழியில் இருந்த கடினமான பொருளிலோ மோதித்தான் போயிருக்க வேண்டும். எலும்பில் மோதியிருந்தால் தொடை எலும்பைச் சுற்றி ஈயத் துணுக்குகள் கிடக்கும். கதிர்ப்படத்தில் ஈயம் எலும்பைவிட வெள்ளையாக, ஒளிந்துகொள்ள இடமில்லாமல் தெரியும். துணுக்குகள் இருந்தால் பொலிஸாரின் கதைக்கு ஓரளவு இடம் உண்டு. நானாக இருந்தால் அதை ஒப்புக்கொண்டு மற்ற மூன்று சன்னங்களில் நின்று வாதாடுவேன். எலும்பு முழுதாக, சுற்றிலும் சுத்தமாக இருந்தால், வழியில் வேறெதிலும் மோதியதற்குத் தடயம் இல்லாதவரை, அந்தத் துண்டு 3.54 கிராமாகப் புறப்பட்டது என்று சொல்வது கடினம். எடுக்காமல் விடப்பட்ட சன்னம் இன்னும் எத்தனை உள்ளே இருந்தது என்பதும் அதே படத்தில் தெரியும். பிரேத பரிசோதனைக்கு முன் கதிர்ப்படம் எடுத்தார்களா என்பதை அடுத்த தவணைக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். எடுத்திருந்தால் படத்தையே கேளுங்கள், அதைப் பற்றிய ஒரு வரிக் குறிப்பை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். எடுக்கவில்லை என்றால் அந்தப் பதிலையும் எழுத்தில் பெற்று உங்கள் சட்டத்தரணியிடம் கொடுங்கள்.